மறுவெளியீடும் மூலபாடமும்: அப்பலாச்சிய மலைநாட்டு இசைத்தட்டுகளின் பதிப்பு நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அப்பலாச்சிய மலைநாட்டில் 1920களில் பதிவான நாட்டார் இசைத்தட்டுகள், 1940களிலிருந்து இன்றுவரை பலமுறை மறுவெளியீடு பெற்றுள்ளன. அவற்றைப் பழைய ஒலியின் மீள்படிகளாக மட்டும் கொள்ளாமல், பதிப்புகளாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. தெரிவு, வரிசைமுறை, முகப்பு, சுழல்வேகம், நீக்கம் ஆகியவற்றில் பதிப்பாசிரியர் எடுக்கும் முடிவுகள் 'மலைநாட்டு இசை' எனும் கருத்தையே மாற்றியமைத்துள்ளன. நாட்டார் வழக்காற்று ஆய்வுக்கு அமர்வு முழுவதையும் தரும் பதிப்பே ஏற்றது என்பது இக்கட்டுரையின் துணிபு. அதன் எல்லைகளும் உடன் சுட்டப்பெறுகின்றன.

திறவுச்சொற்கள்: மறுவெளியீடு, மூலபாடத் திறனாய்வு, கதைப்பாடல், பிரிஸ்டல் அமர்வுகள், ஹாரி ஸ்மித், பாடவேறுபாடு.

முன்னுரை

ஏட்டுச்சுவடியிலிருந்து அச்சுக்கு வந்த ஒரு நூலைப் பயில்வோர், பதிப்பாசிரியர் எப்படிகளைப் பார்த்தார், எப்பாடத்தைக் கொண்டார், எதனை அடிக்குறிப்பில் வைத்தார் என்று கேட்பது இயல்பு. இசைத்தட்டின் மறுவெளியீட்டைக் கேட்போர் இவ்வினாக்களை எழுப்புவதில்லை. ஒலி காதில் விழுந்தவுடன் அது மூலமே என்று மனம் ஒப்புக்கொள்கிறது. ஏட்டைப் பெயர்த்தெழுதியவன் பிழைசெய்திருக்கக் கூடும், இயந்திரம் பிழைசெய்யாது என்னும் நம்பிக்கையே இதற்குக் காரணம். ஆயினும் 78 சுழல்வேகத் தட்டிலிருந்து எல்.பி. தட்டுக்கும், அதிலிருந்து குறுவட்டுக்கும் ஒரு பாடல் வந்துசேரும் வழியில் மனிதர் முடிவெடுக்கும் இடங்கள் பல உள்ளன. நாட்டார் வழக்காற்றியலாளர் அம்மறுவெளியீடுகளையே தரவாகக் கொள்வதால், இம்முடிவுகள் ஆய்வின் முடிவுகளையும் பாதிக்கின்றன.

வணிகம் சேகரித்தவை

அப்பலாச்சிய மலைநாட்டுப் பாடல்களை ஆங்கில அறிஞர் செசில் ஷார்ப்பும் அவருடைய உதவியாளர் மாட் கார்ப்பெலஸும் 1916 முதல் 1918 வரை ஊர் ஊராகச் சென்று சேகரித்தனர். ஷார்ப் இசையைக் குறியீடுகளில் எழுதினார். கார்ப்பெலஸ் சொற்களை எழுதிக்கொண்டார். அவர்கள் தேடியது இங்கிலாந்திலிருந்து குடியேறியோர் கொண்டுவந்த பழைய கதைப்பாடல்களை. தேடியது கிடைத்தது. தேடாத பாஞ்சோவும், தேவாலயப் பாடலும், மலைநாட்டில் வாழ்ந்த கறுப்பின மக்களின் இசையும் அத்தொகுதியில் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின் வந்த இசைத்தட்டு நிறுவனங்களுக்கு அத்தகைய கொள்கை எதுவும் இல்லை. விற்பது எதுவோ அதுவே அவற்றின் நாட்டம். 1923இல் ஓக்கே நிறுவனத்திற்காக ரால்ஃப் பியர் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சனின் பிடில் இசையையும் பாட்டையும் பதிவுசெய்தார். அது எதிர்பாராத அளவு விற்றது. பின்னர் விக்டர் நிறுவனத்திற்கு வந்த பியர், 1927 சூலை 25 முதல் ஆகஸ்டு 5 வரை பிரிஸ்டல் நகரில் தங்கினார். டென்னசி, வர்ஜீனியா ஆகிய இரு மாநிலங்களின் எல்லைக்கோடு நடுத்தெருவில் செல்லும் ஊர் அது. தொப்பி நிறுவனமொன்று முன்பு இயங்கிய கட்டடத்தில் ஒலிவாங்கியை அமைத்து, 19 குழுவினரிடமிருந்து 76 பதிவுகளை எடுத்தார். அவ்வட்டாரத்தில் ஏற்கெனவே பெயர்பெற்றிருந்த எர்னஸ்ட் ஸ்டோன்மன் முந்தைய ஆண்டில் 3,600 டாலர் ஈட்டினார் எனும் செய்தி உள்ளூர் நாளேட்டில் வந்ததும், மலைச்சரிவுகளிலிருந்து பாடகர்கள் திரண்டனர். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராட்ஜர்ஸும் முதன்முதலாகப் பதிவானது அந்த அமர்வில்தான்.

பணத்திற்காக எடுக்கப்பட்ட இப்பதிவுகளில் புலமைத் தொகுப்பு விட்டுவிட்ட பலவும் அகப்பட்டன. பிரிஸ்டல் பதிவுகளில் கணிசமான பங்கு கிறித்தவச் சமயப் பாடல்கள். பிடிலும் ஆர்மோனிகாவும் தனித்து ஒலிக்கும் பதிவுகளும் உண்டு. எனினும் வணிகமும் தனக்கேயுரிய சல்லடை ஒன்றை வைத்திருந்தது. பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிட அளவே இசை கொள்ளும். எனவே இருபது, முப்பது கண்ணிகள் கொண்ட கதைப்பாடல் ஐந்தாறு கண்ணிகளாகச் சுருங்கியது. மேலும், புதிய பதிப்புரிமை பெறத்தக்க பாடல்களையே பியர் நாடினார். பாடற்பதிப்பு உரிமையே அவரது வருவாயின் ஊற்று. வழிவழி வந்த பாடல்கள் பலவற்றின்மேல் ஏ. பி. கார்ட்டர் ஆசிரியராகக் குறிக்கப்பெற்றதற்கு இவ்வணிக முறை ஒரு முதன்மைக் காரணம். அப்பெயர்க் குறிப்பு மறுவெளியீடுகளிலும் பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. பாடல் தேடிக் கார்ட்டருடன் மலையூர்களுக்குச் சென்று, மெட்டுகளைத் தம் நினைவில் வாங்கிவந்த கறுப்பினக் கித்தார்க் கலைஞர் லெஸ்லி ரிடிலின் பெயர் எந்த மூலத்தட்டின் முகவிலாசத்திலும் இல்லை.

தட்டுகளைப் பட்டியலிட்ட முறையிலும் ஒரு பிரிவினை நிகழ்ந்தது. கொலம்பியா, ஓக்கே ஆகிய நிறுவனங்கள் வெள்ளையரின் ஊர்ப்புற இசைக்கு ஓர் எண்வரிசையையும் கறுப்பினத்தார் இசைக்கு வேறோர் எண்வரிசையையும் வகுத்திருந்தன. முன்னது 'ஹில்பில்லி', பின்னது 'ரேஸ்' என வழங்கலாயின. ஒரே பள்ளத்தாக்கில் ஒருவரிடம் ஒருவர் கற்ற இசை, கடைக்கு வரும்போது இரண்டு அலமாரிகளில் நின்றது. பிற்காலப் பதிப்பாசிரியர்கள் பெற்ற மூலம், இவ்வாறு முன்பே பிளவுண்ட மூலமாகும்.

தொகையும் தொகுத்தோனும்

பழைய வணிகத் தட்டுகளை நாட்டார் இலக்கியமாக மறுபடி வெளியிடும் எண்ணம் 1940களின் தொடக்கத்தில் உருவாயிற்று. ஜான் லோமாக்ஸ் தொகுத்த 'ஸ்மோக்கி மவுண்டன் பாலட்ஸ்' எனும் தட்டுத்தொகுதியை விக்டர் நிறுவனமே 1941இல் வெளியிட்டது. அவர் மகன் ஆலன் லோமாக்ஸ் மூவாயிரத்துக்கு மேற்பட்ட வணிகப் பதிவுகளை ஆராய்ந்து, நாட்டார் இசை ஆர்வலர்க்கு உகந்தவையென ஏறத்தாழ 350ஐத் தேர்ந்து பட்டியல் ஒன்றை ஆக்கினார். அப்பட்டியலை வழிகாட்டியாகக் கொண்டு தட்டு தேடியவர்களுள் ஒருவர் ஹாரி ஸ்மித்.

ஸ்மித் தொகுத்த 'அமெரிக்க நாட்டார் இசைத்தொகை' 1952இல் மோசஸ் ஆஷின் ஃபோக்வேஸ் நிறுவன வெளியீடாக வந்தது. ஆறு எல்.பி. தட்டுகள், 84 பதிவுகள். இது முழுவதும் மலைநாட்டுக்குரியதன்று. லூசியானாவின் பிரெஞ்சு மொழிப் பாடல்களும் மிசிசிப்பிச் சமவெளியின் புளூஸ் பாடல்களும் இதில் உள்ளன. எனினும் டாக் பாக்ஸ், கிளாரன்ஸ் ஆஷ்லி, பியூல் கசீ, ஜி. பி. கிரேசன் ஆகிய மலைநாட்டார் உலகறிந்த பெயர்களானது இத்தொகை வழியாகவே. 1927 முதல் 1932 வரையிலான பதிவுகளை ஸ்மித் எல்லையாகக் கொண்டார். மின்முறைப் பதிவு செம்மைபெற்ற ஆண்டிலிருந்து, பொருளாதார வீழ்ச்சி நாட்டார் தட்டு விற்பனையை நிறுத்திய ஆண்டு வரை என்பது அவர் தந்த விளக்கம்.

அவர் செய்தவற்றுள் முதன்மையானது வரிசைமுறை. இசைத்தட்டு எண்வரிசையையும் ஊரையும் இனத்தையும் ஒதுக்கிவிட்டு, கதைப்பாடல், கூட்டிசை, பாட்டு என மூன்று தொகுதிகளாகப் பொருள்வழி அடுக்கினார். கையேட்டில் பாடகரின் இனம் குறிக்கப்பெறவில்லை. இருவேறு அலமாரிகளில் நின்றவை ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்தன. மிசிசிப்பி ஜான் ஹர்ட் ஒரு வெள்ளை மலைநாட்டார் அல்லர் என்பதைக் கேட்போர் அறியப் பல்லாண்டுகள் ஆயின என்று ஸ்மித் பின்னாளில் மகிழ்ந்து கூறினார். நிறுவனங்கள் பிரித்ததைத் தொகுத்தவர் இணைத்தார். இப்பதிப்பின் மிகப்பெரும் ஆக்கம் இதுவே என்பதில் ஐயமில்லை.

ஆனால் ஆய்வாளருக்கு இங்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. இனக்குறிப்பை நீக்கியபோது, ஒருவர் எங்கிருந்து யாரிடம் கற்றார் எனும் வரலாற்றுத் தடமும் மங்கிற்று. டாக் பாக்ஸ் வர்ஜீனியாவின் நார்ட்டன் பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. தம் பாஞ்சோ வாசிப்பு முறைக்குக் கறுப்பினக் கலைஞர்களிடம் கேட்டதே வழிகாட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1952 தொகையில் அவர் பாடலைக் கேட்போர்க்கு அவர் காலமும் இடமும் அற்ற ஒரு குரல். மாயம் நிறைந்த பழைய அமெரிக்கா எனும் பிற்காலக் கற்பனைக்கு வித்திட்டது இத்தகைய இடமின்மைதான்.

முகப்பும் பாடத்தை மாற்றும். மூன்று தொகுதிகளுக்கும் ஸ்மித் இட்ட முகப்பு, 17ஆம் நூற்றாண்டு மெய்யியலாளர் ராபர்ட் ஃபிளட் நூலில் உள்ள பிரபஞ்ச ஒற்றைநரம்பு யாழின் படம். 1960களில் ஃபோக்வேஸ் அதனை அகற்றி, பொருளாதார வீழ்ச்சிக் காலத்து ஏழை உழவர் ஒருவரைப் பென் ஷான் எடுத்த ஒளிப்படத்தை இட்டது. உள்ளிருந்த ஒலியில் மாற்றமில்லை. ஆனால் முன்னது அண்டத்தின் இசை, பின்னது வறியோரின் எதிர்ப்பிசை. 1997இல் ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் குறுவட்டாக மறுவெளியிட்டபோது பழைய முகப்பு மீண்டது. அப்பதிப்புக்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. 1960களின் மாணவர்கள் மலைநாட்டு இசையை அரசியற்குரலாகக் கேட்டதற்கு இம்முகப்பு மாற்றம் எவ்வளவு காரணம் என்பது தனியே ஆராயத்தக்கது.

ஒரு மறுவெளியீடு உயிரோடிருப்பவரைத் தேடச் செய்யவும் வல்லது. ஆஷ்லியை ரால்ஃப் ரின்ஸ்லர் 1960இல் ஒரு பிடில் போட்டி விழாவில் கண்டார். பாக்ஸை மைக் சீகர் 1963இல் நார்ட்டனிலேயே கண்டுபிடித்தார். இருவரும் முதுமையில் மீண்டும் பதிவு செய்தனர். இறந்த மரபின் எச்சமெனத் தொகுக்கப்பட்டவை வாழும் மனிதரின் இளமைக்குரல் என்று அப்போதுதான் தெளிவாயிற்று.

வேகம் என்னும் பாடவேறுபாடு

'78' என்பது பெயரளவில் நின்ற எண். பதிவு இயந்திரங்கள் ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் சிறிது வேறுபட்டுச் சுழன்றன. தட்டை எவ்வேகத்தில் ஓடவிடுவது என்பதைப் படியெடுப்பவரே முடிவுசெய்ய வேண்டும். நிமிடத்திற்கு 78 சுற்று என்பதை 73.6 ஆகக் குறைத்தால் பாடல் முழுவதும் அரைச்சுருதி இறங்கும். வேகமும் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு தளரும். பாடகரின் குரல் சற்று முதிர்ந்துவிடும். ஆடலுக்குரிய பிடில் மெட்டு நடைக்குரியதாக மாறித் தோன்றும்.

இதற்கு அகச்சான்று ஒன்று உண்டு. மலைநாட்டுப் பிடில் கலைஞர்கள் விரல் படாத திறந்த நரம்புகளைக் கூடவே ஒலிக்கவிட்டு வாசிப்பர். அவ்வொலியைக் கொண்டு எச்சுருதியில் நரம்பு கட்டப்பட்டது என ஊகிக்கலாம். எனினும் குழுவாக அன்றித் தனியே பாடுவோர் தம் குரலுக்கேற்ப நரம்பை ஏற்றியும் இறக்கியும் கட்டினர் ஆதலால், இச்சான்று எப்போதும் உறுதி தராது. இரு பதிப்புகளில் ஒரே பாடல் இரு சுருதிகளில் ஒலிப்பதை வைத்து, பாடகர் இருமுறை வேறுவேறாகப் பாடினார் என்று கொள்ளும் இசையாய்வு பிழைபடும். இரைச்சல் நீக்கமும் இதனையொத்ததே. அரக்குத் தட்டின் கரகரப்பைக் களையும்போது, அதே அதிர்வெண்களில் உள்ள வில்லின் உராய்வும் உரசொலி மெய்களும் உடன் தேய்கின்றன. சொற்களை எழுத்தில் பெயர்க்கும் நாட்டார் ஆய்வாளர்க்கு, கரகரப்போடு கூடிய படியே பயன்தரும்.

அரக்கு என்றவுடன் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. இத்தட்டுகளுக்குரிய அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்து சென்றது. இரண்டாம் உலகப்போரில் அதன் வரத்து குறைந்தபோது அமெரிக்காவில் பழைய தட்டுகளைத் திரட்டி அரைத்துப் புதிய தட்டுகள் வார்த்தனர். உலோக அச்சுகளும் பல உருக்கப்பட்டன. ஆகவே இன்றுள்ள மறுவெளியீடுகளில் பெரும்பான்மைக்கு மூலம், நிறுவனத்தின் அச்சன்று. யாரோ ஒருவர் வீட்டில் தேய்ந்து எஞ்சிய படி. சில பதிவுகளுக்கு ஒரே படிதான் உண்டு.

அமர்வுப் பதிப்பும் ஆள்வழிப் பதிப்பும்

எஞ்சிய படிகளைக் காத்தோர் பல்கலைக்கழகங்களைவிடத் தனிச் சேகரிப்பாளர்களே. அமெரிக்காவுக்கு ஒருமுறையும் செல்லாத ஆஸ்திரேலிய இளைஞர் ஜான் எட்வர்ட்ஸ் கடிதம் வழியாகவே திரட்டிய சேகரிப்பு, 1960இல் அவர் விபத்தில் இறந்தபின் லாஸ் ஏஞ்சலிஸுக்கும், 1983இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கும் சென்றது. டேவிட் ஃபிரீமன் 1960களின் நடுவில் தொடங்கிய கவுண்டி நிறுவனம், மலைநாட்டுப் பிடில், கதைப்பாடல் என வகைவாரியாக எல்.பி. தட்டுகளை வெளியிட்டது. இசை கற்போர்க்கு அவை பாடநூல்கள். தெரிவு, கேட்டுச் சுவைப்பவரின் தெரிவு.

ஆஸ்திரியாவில் ஜானி பார்த் தொடங்கிய டாக்குமெண்ட் நிறுவனம் இதற்கு மாறான நெறியைக் கொண்டது. ஒரு கலைஞரின் பதிவுகள் யாவும், கால வரிசையில், நன்றாயினும் தீதாயினும் இடம்பெறும். இதனை ஆள்வழிப் பதிப்பு எனலாம். ஒருவரின் வளர்ச்சியை அறிய இது துணைசெய்யும். ஆனால் அவர் அருகில் அன்று யார் பாடினார் என்பதைக் காட்டாது.

ஜெர்மனியின் பேர் ஃபேமிலி நிறுவனம் 2011இல் வெளியிட்ட பிரிஸ்டல் அமர்வுகளின் ஐந்து குறுவட்டுத் தொகுதி, இடத்தையும் நாளையும் அலகாகக் கொண்டது. ஜான்சன் சிட்டியில் கொலம்பியா 1928, 1929 ஆண்டுகளில் எடுத்த பதிவுகள் 2013இலும், நாக்ஸ்வில் பதிவுகள் 2016இலும் இவ்வாறே வந்தன. மாற்றுப் பதிவுகள், அதாவது ஒரே பாடலை அன்றே மறுபடி பாடியவை, கிடைத்தவிடத்துச் சேர்க்கப்பட்டன. வாய்மொழி மரபை ஆராய்வோர்க்கு இதனினும் மேலான தரவு இல்லை. சில நிமிட இடைவெளியில் ஒரே பாடகர் எச்சொல்லை மாற்றினார், எக்கண்ணியை விட்டார் என்பதை அது நேரே காட்டுகிறது.

அமர்வுப் பதிப்பின் பயனுக்கு எல் வாட்சன் ஒருவரே சான்றாவார். 1927 பிரிஸ்டல் அமர்வில் பதிவான கறுப்பினக் கலைஞர் இவர். ஆர்மோனிகாவில் இரண்டு பதிவுகள் தந்தார். அவற்றில் கித்தார் இசைத்தவர் ஜான்சன் சகோதரர்களுள் ஒருவராகிய வெள்ளையர். அச்சகோதரர்கள் பாடிய பதிவிலோ எலும்புத் துண்டுகளைத் தட்டித் தாளம் இசைத்தவர் வாட்சன். கார்ட்டர் குடும்பத்தையும் ராட்ஜர்ஸையும் மட்டும் எடுத்துக்காட்டும் தெரிவுகளில் இவ்வுறவு வெளிப்படாது. ஆள்வழிப் பதிப்பில் இரு பெயர்களும் இரு தொகுதிகளில் பிரிந்துவிடும். அன்றைய நாளை அப்படியே வரிசையாகக் கேட்கும்போதுதான், எண்வரிசை பிரித்த இருவர் ஓர் அறையில் ஒருவர்க்கொருவர் துணையாக இசைத்தது செவிக்குத் தெரிகிறது. மறு ஆண்டு அதே ஊரில் பதிவான டார்ட்டர், கே எனும் கறுப்பின இருவர் கித்தார் பதிவுகளும் இவ்வகையிலேயே தம் இடத்தைப் பெறுகின்றன.

முழுமை என்பதையும் அளவறிந்தே கொள்ளவேண்டும். அமர்வுப் பதிப்பு தருவது பியர் ஏற்றுப் பதிந்ததன் முழுமை. வாயிலில் திருப்பி அனுப்பப்பட்டோர் அதில் இல்லை. வணிக நிறுவனங்கள் நாடாத கறுப்பின நரம்பிசைக் குழுக்களை அறிய அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் களப்பதிவுகளுக்கே செல்லவேண்டும். டென்னசியைச் சேர்ந்த கிரிபிள், லஸ்க், யார்க் ஆகியோரின் 1946ஆம் ஆண்டு வாசிப்பு, 1989இல் ரவுண்டர் நிறுவனத்தின் 'ஆல்டமான்ட்' தட்டில்தான் பொதுமக்கள் செவிக்கு வந்தது.

நீக்கப்பட்ட மூன்று

ஸ்மித் தேர்ந்த 84 பதிவுகளின் மூலத்தட்டுகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அம்மறுபக்கங்களைத் திரட்டி, டஸ்ட் டு டிஜிட்டல் நிறுவனம் 2020இல் ஒரு தொகுதியை வெளியிட்டது. அதில் இனவெறுப்புச் சொற்கள் கொண்ட மூன்று பாடல்களை இறுதிக்கட்டத்தில் பதிப்பாளர்கள் நீக்கினர். நீக்கியதை அவர்கள் மறைக்கவில்லை. காரணத்தையும் வெளிப்படையாகத் தெரிவித்தனர்.

இம்முடிவின்மேல் இரு தரப்பிலும் வாதங்கள் எழுந்தன. வரலாற்றைத் துடைப்பது தகாது என்பது ஒன்று. அழகிய பெட்டியில் வைத்து இழிசொல்லை மீண்டும் விற்பது தகாது என்பது மற்றொன்று. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கவை அல்ல. விற்பனைக்குரிய தொகை, ஆய்வுக்குரிய பதிப்பு ஆகிய இரண்டின் கடமைகளும் ஒன்றல்ல என்று கொண்டால் சிக்கல் ஓரளவு தெளியும். முன்னதில் நீக்கம் பதிப்பாளரின் உரிமை. பின்னதில் நீக்கம் தரவை ஊனமாக்கும். ஏனெனில் 1920களின் மலைநாட்டு இசையில் கறுப்பினத்தாரைப் பழிக்கும் மேடைப்பாட்டு மரபு ஓர் உண்மைக் கூறு. அதே கலைஞர்கள் கறுப்பினத்தாரிடம் இசை கற்றதும் உண்மைக் கூறு. இவ்விரண்டையும் ஒருசேர வைத்தால்தான் அக்காலம் விளங்கும். எவ்வாறாயினும், நீக்கிய இடத்தைச் சுட்டிச்சென்ற பதிப்பு, சுட்டாமலே தெரிவு செய்த முந்தைய பல பதிப்புகளைவிட நேர்மையானது.

உரிமையும் பாடமும்

முழுமைப் பதிப்புகள் ஐரோப்பாவில் மிகுதியாகத் தோன்றியதற்குச் சட்டமும் ஒரு காரணம். அங்கு ஒலிப்பதிவு உரிமை நெடுங்காலம் 50 ஆண்டுகளாக இருந்தது. அமெரிக்காவில் 1972க்கு முற்பட்ட பதிவுகள் மாநிலச் சட்டங்களின் கீழ்த் தெளிவற்றுக் கிடந்தன. ஸ்மித்தின் தொகையே மூல நிறுவனங்களின் முறையான இசைவு பெரும்பாலும் இன்றி வந்ததுதான். பாடியவர்க்கும் அதனால் வருவாய் எதுவும் சேரவில்லை. 2018இல் இயற்றப்பட்ட இசை நவீனமாக்கச் சட்டம் இந்நிலையை ஒழுங்குபடுத்தியது. 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகள், வெளியான ஆண்டிலிருந்து நூறாண்டு முடிந்தபின் பொதுவுடைமை ஆகும். அதன்படி 1927இல் வெளிவந்த பிரிஸ்டல் தட்டுகள் 2028 சனவரி 1 அன்று அமெரிக்காவில் எவரும் பதிப்பிக்கத்தக்கவையாகும்.

மூலபாட ஆய்வாளர் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று இச்சட்டத்தில் உள்ளது. கணக்கு, பதிவான ஆண்டைக்கொண்டு அன்று, வெளியான ஆண்டைக்கொண்டு. அன்று தட்டாக வெளிவராமல் பிற்பட்ட மறுவெளியீடுகளிலேயே முதன்முதல் வெளியான மாற்றுப் பதிவுகளுக்கு உரிமைக்காலம் 2067 பிப்ரவரி 15 வரை நீள்கிறது. ஒரே நாளில், ஒரே ஒலிவாங்கியின் முன், ஒரே பாடகர் அடுத்தடுத்துப் பாடிய இரு பாடங்களுள் ஒன்று 2028இல் விடுபடும். மற்றது மேலும் 39 ஆண்டுகள் காத்திருக்கும். இடைக்காலத்தில் வரவிருக்கும் திறந்த பதிப்புகள் எல்லாம், இதனால், பாடவேறுபாடு இல்லாத பதிப்புகளாகவே அமையக்கூடும். அவற்றைத் தரவாகக் கொள்வோர், வெளியாகாத பதிவுகளின் பட்டியலையும் உடன்வைத்துக்கொள்ள வேண்டும். டோனி ரசல் தொகுத்து 2004இல் வெளியான 1921-1942 காலப் பதிவுப் பட்டியலும், சாண்டா பார்பரா கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இணையத் தரவுத்தளமும் அதற்கு உதவும். எப்பாடல் எத்தனை முறை பாடப்பட்டது, எது தட்டானது என்பதை அங்குக் காணலாம்.